ஹார்யுவின் காகிதத் தட்டு

வேட்டை அம்பின் கத்தி முனையைப் பலகையில் ஊன்றி, செல்மா இரண்டு விரல்களால் அதைப் பம்பரம் போலச் சுழற்றினாள். முனை ஒரே புள்ளியில் நின்று சுழன்றால் அம்பு நேர். வட்டம் போட்டால் கோணல். ஆறாவது அம்பும் வட்டம் போட்டது.

அதை ஓரமாக வைத்தாள். ஆறில் இரண்டுதான் நேர். மாலை நான்கு மணிக்கு வெஸ்லி ஹார்யுவின் பண்ணையில் மூன்று அம்பு எய்தாக வேண்டும். நாளை வில்வேட்டைப் பருவம் தொடங்குகிறது.

பதினோரு வருடமாக அவள் கணவன் ஆர்விட்தான் குளிர்காலக் கறிக்கு மான் கொண்டுவருவான். ஜூனில் மர ஆலையில் அவன் தோள் நசுங்கியது. அன்றிலிருந்து செல்மா அவன் பழைய வில்லை எடுத்து, நாணின் இழுவிசையைத் தன் பலத்துக்குக் குறைத்துக்கொண்டு, தினமும் எய்தாள். ஃப்ரீசரில் இப்போது பட்டாணிப் பொட்டலங்கள் மட்டுமே இருக்கின்றன.

அவர்களுக்கு நிலம் கிடையாது. மான் வருவது ஹார்யுவின் வயலோரம். ஒரு தடவை யாரோ வயிற்றில் எய்துவிட்டுப்போன பெண்மான், அவர் வாய்க்காலில் மூன்று நாள் கிடந்து செத்தது. அதிலிருந்து, அவர் நிலத்தில் வேட்டையாட விரும்புகிறவர்கள் இருபது கஜத்தில் காகிதத் தட்டுக்குள் மூன்று வேட்டை அம்பை, முன்னதாக எய்து பழகாமல் எய்துகாட்ட வேண்டும். தேறியவர்கள் பெயரெழுதிய தட்டு கொட்டகைச் சுவரில் ஏறும். மற்றவர்களுக்கு அடுத்த வருடம்தான்.

கோடை முழுக்கச் செல்மா எய்தது பயிற்சிக்கான உருண்டை முனையில். பத்துக்குப் பத்து விழுந்தது. நேற்றுதான் கத்தி முனையை மாட்டினாள். ஒன்று இடப்பக்கம் ஒரு சாண் தள்ளிப் போனது. ஒன்று விறகு அடுக்கில் குத்தியது. உருண்டை முனை மறைத்த அம்பின் வளைவைக் கத்தியில் பட்ட காற்று காட்டிக்கொடுத்தது.

"நானாவது சொல்லியிருக்கணும்," என்றான் ஆர்விட்.

"சொல்லல இல்ல? சும்மா இரு."

"பக்கத்து வீட்டு ரால்ஃப்கிட்ட அம்பு கேக்கட்டா?"

"அது அவனோட பலமான வில்லுக்கு வெட்டுன விறைப்பான அம்புப்பா. என் வில்லுல எங்க போகும்னு யாருக்குத் தெரியும்?"

முனைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். ஒரு அம்பின் வட்டம் கொஞ்சம் சிறுத்தது. அதையும் நேரான இரண்டையும் எடுத்துக்கொண்டு போனாள்.

"ஆர்விட் பொண்டாட்டியா? அவன் மொத அம்பு என் கூரைத் தகரத்துல போச்சு, தெரியுமாம்மா?" என்றார் ஹார்யு.

"தெரியும். வீட்ல இன்னும் அதச் சொல்லித்தான் திட்டுறேன்."

முதல் அம்பு தட்டின் கீழ்விளிம்புக்கு உள்ளே விழுந்தது. இரண்டாவது நடுவிலிருந்து இரண்டு விரல் தள்ளி. மூன்றாவதைப் பூட்டி, நாணைக் கன்னம்வரை இழுத்து நின்றாள். தோள் நடுங்கத் தொடங்கும்வரை நின்றாள். பிறகு எய்யாமல் மெல்லத் தளர்த்தினாள்.

"என்ன, கை போச்சா?"

"இல்லீங்க. இது கோணல் அம்பு. தட்டுல படலாம், படாமலும் போகலாம். மான்மேல இத விடமாட்டேன், இங்க மட்டும் விட்டு என்ன?"

"அப்ப மூணு ஆகலயே."

"ஆகல."

"வீட்ல கறி?"

"இல்லீங்க."

ஹார்யு நடந்துபோய் அம்பு தைத்த இடங்களில் விரல் வைத்துப் பார்த்தார். அம்புகளைப் பிடுங்கி, தட்டையும் கழற்றி அவளிடம் நீட்டினார். சட்டைப்பையிலிருந்து பேனாவும் வந்தது.

"பேர எழுது. ஆனா என் காட்டுக்குள்ள இந்த ரெண்டு அம்புதான் வரணும். கூட ஒண்ணு வந்தா தட்டு கீழ எறங்கிடும்."

தட்டைத் தொடைமேல் வைத்து, 'செல்மா லம்பி' என்று எழுதி அவரிடம் கொடுத்தாள்.