சாம்பல் நிறப் புள்ளி

நகராட்சி அலுவலகத்தில் அவளுக்குப் பேர் மேப் அக்கா. அவளைவிட மூத்தவர்களும் கூச்சமில்லாமல் அப்படித்தான் கூப்பிடுவார்கள். எந்தத் தெருவில் குப்பை வண்டி நிற்க வேண்டும், எந்த முனையில் தொட்டி வைக்க வேண்டும் என்பதையெல்லாம் கணினியில் வரைபடமாகப் போடுவது அவள் வேலை. குப்பை கொடுக்கிற வீடு பச்சைப் புள்ளி, ஆளில்லாத வீடு சாம்பல் புள்ளி. சாம்பல் வீட்டு வாசலில் வண்டி நிற்காது.

புள்ளி விஷயத்தில் அவள் படு கறார். ஒருமுறை கணக்கெடுக்கப் போன ஆசாமி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே ஒரு தெரு முழுவதையும் பச்சையாக்கிவிட்டார். அன்றைக்கு அவள் போட்ட சத்தத்தில் அலுவலகமே கப்சிப். அதோடு ஒரு சட்டமும் கொண்டுவந்தாள்: ‘இங்கே ஆள் இருக்கிறார்கள்’ என்று அக்கம்பக்கத்தில் ஒருவராவது வாய்விட்டுச் சொல்லாமல் சாம்பல் பச்சையாகக் கூடாது.

இந்த வருஷத்துக் கணக்கெடுப்பைத் திறந்தபோது, அவள் வீடே சாம்பலாகக் கிடந்தது.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. அந்தத் தெருவுக்கு வண்டி கொண்டுபோகிற பெண்ணுக்கு போன் போட்டாள்.

“அந்த வீடா மேடம்? எத்தனை தடவ பெல் அடிச்சிருக்கேன். ஒரு வெங்காயத் தோல்கூட வந்ததில்ல. யாரும் இல்ல, எழுதிக்குங்க.”

அந்தப் பெண் சொன்னதில் தப்பில்லை. அம்மா போன பிறகு இந்த வீட்டுக்குக் குடிவந்த மேப் அக்கா, வண்டி வருவதற்குள் பஸ் ஏறிவிடுவாள், திரும்பும்போது இருட்டிவிடும். ஒற்றை ஆளுக்கு என்ன பெரிய குப்பை? ஒரு சின்னப் பை. அதை பஸ் ஸ்டாப் தொட்டியில் போட்டுவிடுவாள். ‘அது என் வீடும்மா’ என்று சொல்ல வாயெடுத்தாள். வெட்கமாக இருந்தது. “சரிம்மா” என்று வைத்துவிட்டாள்.

ஒரு தட்டு தட்டினால் பச்சை. கேட்க நாதியில்லை. ஆனால் சட்டம் சட்டம்தானே என்று தனக்கே சாக்கு சொல்லிக்கொண்டு அரை நாள் லீவு போட்டாள். உண்மை என்னவென்றால், அவள் அங்கே இருப்பதை யாராவது ஒருவர் சொல்லி, அதைத் தன் காதால் கேட்க வேண்டும்போல் இருந்தது.

பக்கத்து வீட்டம்மாவை அவளுக்கு நன்றாகத் தெரியும், சுவர் வழியாக. முட்டிவலி, மருமகனின் முறுக்கு, கணவருக்கு விழுகிற திட்டு, எல்லாம் அத்துப்படி. ‘நான்தான் பக்கத்து வீடு’ என்று பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். கதவு திறந்ததும் வாயில் வந்தது வேறு.

“பக்கத்து வீட்டுல ஆள் இருக்காங்களாம்மா?”

“அங்க யாரு இருக்கா? எப்பவும் பூட்டுதான். ராத்திரியில என்னமோ உருட்டுற சத்தம் கேக்கும். எலியா இருக்கும்.” அந்தம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. “வாடகைக்குப் பாக்கறியா? வந்துடும்மா. பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் இல்லாம நானும் பைத்தியமாத்தான் கிடக்கேன். உன் நம்பரக் குடுத்துட்டுப் போ, வீட்டுக்காரங்க வந்தா ஒரு போன் போடறேன்.”

இப்போதாவது சொல்லியிருக்கலாம். இவ்வளவு ஆசையாகக் கூப்பிடுகிறவளிடம், இத்தனை நாளாகச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தேன் என்று எப்படிச் சொல்வது? நம்பரைச் சொன்னாள்.

பிறகு தெருமுனை வரை நடந்துபோய், அந்தம்மா கதவைச் சாத்தும்வரை அங்கேயே நின்றாள். திரும்பி வந்து, சத்தம் கேட்காமல் தன் வீட்டுப் பூட்டைத் திறந்தாள்.