ஒரு கட்சியின் நாலு அறிக்கையும் ஒரு தண்ணீர்க் குழாயும்

அச்சுக்கோப்பவன் கண்ணுக்கு எந்தக் கட்சியின் கொள்கையும் முதலில் இடம்வலம் மாறித்தான் தெரியும். ஈய எழுத்தின் சுபாவம் அது. கை கறுத்து, கண் எரிந்து, கடைசியில் "ஏன் பிந்தினது?" என்று பேச்சும் வாங்கிய தொழிற் சகோதரர்களே, உங்களுக்குத்தான் என் பாடு விளங்கும். இரண்டாம் உலக யுத்த காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு சின்ன அச்சகத்தில் இருந்தேன். எங்களுக்கு நிரந்தர வாடிக்கை ஒரு கட்சி. ஒரு தலைவர், அவரை நம்பாத ஏழெட்டுப் பேர், கட்சி அவ்வளவுதான்.

கப்பல் வேண்டாம்

தலைவர் சாம்பசிவம் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வெடுத்தவர். வெள்ளைக்காரக் கடற்படை ஊரை விட்டுப் போகவேண்டும், பிடித்த காணிகளைத் திருப்பித் தரவேண்டும் என்று ஐந்து கோரிக்கைகளோடு வந்தார். கோத்துப் பார்த்தால் பக்கத்தின் அடியில் கொஞ்ச இடம் வெறுமையாகக் கிடந்தது. அப்படியே விட்டால் ஏதோ தணிக்கை செய்த மாதிரித் தெரியும் என்று அவருக்குப் பயம்.

அந்த நேரம் இடியப்பத் தட்டோடு ஆசியா ராத்தா வந்தாள். மூதூர்த் தோணிகள் வந்து கட்டுகிற துறையில் கடை வைத்திருப்பவள். அங்கே கிணறு உப்பு. நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு ஊருக்குள் நடந்து நடந்து அவளுக்கு இடுப்பே விட்டுப்போயிருந்தது. துறையில் ஒரு குழாய் கேளுங்கள் என்றாள். இடம் நிரம்பினால் சரி என்று தலைவரும் தலையாட்டினார். வாசிக்கத் தெரியாதவள், அச்சடித்த தாளில் தன் வரி எது என்று கேட்டு, அதில் விரலை வைத்துப் பார்த்தாள்.

"விரல வெச்சாத்தான் நம்புவன் தம்பி. கட்சிக்காரர்ர கதை காத்தோட போற கதை."

கப்பல் வேண்டும்

திரும்பத் திரும்ப வருகிற வேலை என்றால் கோத்த பக்கத்தைப் பிரிக்காமல் நூலால் கட்டி வைப்பது எங்கள் வழக்கம். மாறுகிற வரியை மட்டும் கிளப்பிவிட்டுப் புதியதைச் செருகலாம். தலைவரின் மருமகனுக்குக் கடற்படையின் டொக்யார்ட்டில், கப்பல் பழுதுபார்க்கிற இடத்தில், வேலை கிடைத்தது. உடனே இரண்டாவது அறிக்கை: கடற்படை இருக்கவேண்டும், ஊராருக்கே வேலை தரவேண்டும். மேலே ஐந்தையும் மாற்றினேன். குழாயைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை; அது இருந்த இடத்திலேயே இருந்தது.

பழைய கொள்கை எதையாவது நான் வேண்டுமென்றே மாற்றாமல் வைத்திருப்பேன் என்று தலைவருக்குச் சந்தேகம். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னையும் அப்படியே பார்த்தார்.

"தம்பி, நான் முந்திச் சொன்னதெல்லாம் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறமாதிரித் தெரியுது. அது நல்ல பழக்கமில்லை."

குண்டுக்குப் பிறகு

யப்பான்காரனின் குண்டு விழுந்து ஊர் பாதி காலியானது. அச்சக முதலாளி கந்தளாய்க்குப் போய் அங்கேயே நின்றுவிட்டார். மூன்றாவது அறிக்கை வீதிக்கு வீதி பதுங்குகுழியும், ஊரை விட்டு ஓடுகிறவர்களுக்கு இலவச வண்டியும் கேட்டது. குழாய் வரி அப்போதும் அடியில் கிடந்தது.

கலியாணக் கார்ட் அடிக்கவேண்டும் என்று வேட்டியோடு ஒருவர் வந்தார். சப்பாத்து மட்டும் பொலிஸ் சப்பாத்து. யாழ்ப்பாணத்து இன்ஸ்பெக்டர். மூன்று அறிக்கையையும் மேசையில் பரப்பிவைத்து, குழாய் வரியில் விரலை ஊன்றினார். எதிரி விமானத்துக்குத் தோணித்துறையை அடையாளம் காட்டுகிறோமாம். அச்சகத்துக்குப் பூட்டு, எனக்கு மறியற்சாலை என்றார். வீட்டில் என் சம்பளத்தை நம்பிப் பல வாய்கள் இருந்தன.

"எல்லாம் மாறியிருக்கு, இது ஒண்டு மட்டும் மாறேல்லை. ஒரு கட்சி மாத்தாத வரி எண்டால் அது கோரிக்கை இல்லைக் காணும், குறிப்பு!"

உப்புத் தண்ணீர்

உள்ளதைச் சொல்லி அவரை ராத்தாவிடம் கூட்டிப்போனேன். கடையைக் கிளப்ப வந்த நகரசபை ஆள் என்று அவளுக்கு அவர்மேல் சந்தேகம். ஒரு கோப்பை கிணற்றுத் தண்ணீரை நீட்டினாள். வாயில் விட்டவர் அந்த இடத்திலேயே துப்பினார். தப்பினேன் என்று நினைத்தேன். அவரோ வாயைத் துடைத்துக்கொண்டு இன்னும் கடுமையாக முறைத்தார்.

"இந்தத் தண்ணிக்காக ஒரு கட்சி மூண்டு தரம் எழுதினது எண்டு மேலிடத்தில சொன்னால், பிறகு என்னைத்தான் விசாரிப்பினம்."

எடுத்த வரி

பூட்டையும் மறியலையும் இன்ஸ்பெக்டர் தள்ளிவைத்தார்; சங்கதி காதில் விழுந்து, விடிந்ததும் தலைவர் ஓடிவந்தார். நாலாவது அறிக்கை: மற்றதெல்லாம் அப்படியே, குழாய் மட்டும் இல்லை. அந்த வரியை மனமில்லாமல்தான் கிளப்பினேன். மற்றவை எத்தனை தரம் புரண்டன! ஒருத்தி மனதறிந்து கேட்டது இது ஒன்றுதானே. புதுத் தாளைக் கண்டதும் ராத்தா விரலை நீட்டினாள். வைக்க இடமில்லை என்றேன். குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இன்ஸ்பெக்டருக்கு இப்போதுதான் சந்தேகம் முற்றியது. இவ்வளவு காலம் இருந்த வரியை ஏன் எடுத்தார்கள், காரியம் முடிந்துவிட்டதா? தோணித்துறையில் கடற்படைக் காவல் போடுவித்தார். வந்த சிப்பாய்கள் அந்தக் கிணற்றில் குடித்தார்கள், வயிற்றாலே போனது. கடற்படை அவசர அவசரமாக நல்ல தண்ணீர்க் குழாய் இழுத்தது. ஒற்றன் ஒருவனும் அகப்படவில்லை. காவல் போனது, குழாய் தங்கிவிட்டது. ராத்தா நிறைகுடத்தோடு அச்சக வாசலில் வந்து நின்று சிரித்தாள்.

"கேட்டுக் கேட்டு வராத தண்ணி, கேக்காம உட்டதும் வந்திட்டே தம்பி! எண்ட வீட்டுக் கூரையும் ஒழுகுது, அதையும் கேக்க வேணாமெண்டு தலைவரிட்டச் சொல்லுங்க."

அடுத்த அறிக்கையில் "குழாய் தந்த கட்சி" என்று முதல் வரி போடச் சொன்னார் தலைவர், நானும் வாய் திறக்காமல் கோத்துக் கொடுத்தேன். ஊரில் எல்லாரும் சந்தேகப்படலாம், அச்சுக்கோப்பவன் சந்தேகப்பட்டால் அடுப்பு எரியாது.