விரத நாளில் அகப்பட்ட சால்மன்

இந்த நாட்டில் இரண்டு பேர் முழங்காலளவு தண்ணீரில் மூன்று மணி நேரம் நின்றுவிட்டு, ஒரு சொல்கூடப் பேசாமல் வீட்டுக்குப் போகலாம். அது மரியாதையாம். எங்கள் ஊர் பஸ்ஸில் இரண்டு தரிப்புக்குள் சம்பளம் வரை விசாரித்துவிடுவார்கள். பிரெஞ்சு பேசும் இந்த நகரின் ஓரத்தில், சென்ட்-ஆன்-டெ-பெல்வ்யூ ஆற்றில் லூக்கும் நானும் மூன்று வருடமாக இருபதடி தள்ளித்தான் நிற்கிறோம். அவர் ஓய்வுபெற்ற பஸ் சாரதி. நான் நகருக்குள் கோட்-டெ-நெய்ஜில் மருத்துவமனைத் தரை துடைப்பவன். தொட்டியில் வளர்த்து ஆற்றில் விட்ட சால்மனை, இறகும் நூலும் சுற்றிய பொய் ஈயைக் காட்டிப் பிடிக்க வேண்டும். எனக்கு ஒன்றும் அகப்பட்டதில்லை. ஆனாலும் சனிக்கிழமைகளில் பக்கத்தில் நிற்க ஒரு மனிதர் இருந்தார்.

இந்த வருடம் மீன்பிடிப் பருவத்தின் கடைசிச் சனி கந்தசஷ்டிக்குள் வந்தது. என் மனைவி யாழ்ப்பாணத்தில் இன்னும் விசாவுக்குக் காத்திருக்கிறாள். நான் புறப்பட்ட அன்று அவள் கேட்டது ஒன்றுதான்: "ஆறு நாளும் ரெண்டு பேரும் விரதம் பிடிப்பம். அந்த ஆறு நாளாவது ஒரு வீட்டில இருக்கிற மாதிரி இருக்கும்." நான்கு வருடமாக அதைத் தவறவிடவில்லை. விரத நாளில் தூண்டிலோடு போனது பிழைதான். நான் மீனுக்காகப் போகவில்லை. பனி தொடங்கினால் லூக்கை இனிச் சித்திரையில்தான் பார்க்கலாம்.

அன்றைக்கென்று பார்த்து மாட்டியது, என் முதல் மீன். நான் வாய் திறப்பதற்குள் லூக் அதை வலையில் அள்ளி, தலையில் ஒன்று போட்டு, என்னைக் கட்டிப் பிடித்தார். "ஷே முவா! என் வீட்டுக்கு வா, மனைவி சமைப்பாள்!" இந்த ஊரார் ஒருவர் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

"இன்றைக்கு மீன் சாப்பிட மாட்டேன். அடுத்த கிழமை?" என்றேன், உடைந்த பிரெஞ்சில்.

"பிடிப்பாய், சாப்பிட மாட்டாயா?"

மனைவியையும் முருகனையும் ஆறு நாளையும் சொல்லி விளக்க என் பிரெஞ்சு காணாது. சாக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்; முகம் சுருங்கிவிட்டது. மீனைப் பத்திரிகையில் சுற்றி என்னிடமே தந்து, "போன் இவேர்" என்றார். நல்ல குளிர்காலமாக இருக்கட்டும் என்ற வாழ்த்து. சாப்பிடாவிட்டாலும் சும்மா வந்து இருக்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். அது பஸ் ஏறிய பிறகுதான் தோன்றியது. மூன்று வருடத்தில் அவர் தொலைபேசி எண்ணைக்கூட வாங்காத மடையன் நான்.

விளக்கேற்றிய வீட்டுக்குள் மீனை வைக்க மனம் வரவில்லை. பால்கனியில் வைத்தேன், குளிர் அதைக் கல்லாக்கியது. விரதம் முடிக்கும் பாறணைக்கு மறுநாள் இரண்டு பேருக்கு அளவாகக் குழம்பு வைத்து, சோற்றோடு இரண்டு பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு, லூக் ஒருவேளை வருவார் என்று ஆற்றுக்குப் போனேன். கரையில் ஒருவரும் இல்லை.

மனைவி போனில் அழைத்தாள். "சாப்பிட்டியளே? தனியவோ நிக்கிறியள்?"

"இல்லையப்பா, லூக்கும் நிக்கிறார்."

"அப்ப சரி" என்றாள், நிம்மதியாக.

ஒரு பெட்டியை லூக் நிற்கும் இடத்துக் கல்லில் வைத்தேன். இருபதடி தள்ளி வந்து, என் இடத்தில் நின்று சாப்பிட்டேன்.