ஆக்கள் நடக்கிற ஓரம்

எங்கள் அக்காவின் முப்பத்தோராம் நாள் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் கடைசித் தம்பி எழுதுவது. "கோபப்படாமல் எழுது" என்று சொல்லித்தான் வீட்டில் பேனாவைத் தந்தார்கள். முயன்று பார்த்தேன். முடியவில்லை.

அக்கா பேசாலையில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். சண்டைக் காலத்தில் வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போனோம். அங்கே முகாமில் அம்மா இறந்த பிறகு எங்கள் நால்வருக்கும் சோறு போட்டவர் அக்காதான். அவர் திருமணம் செய்யவில்லை. ஏன் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அது எங்கள் பிழை. ஊர் திரும்பியபோது அவரை "இந்தியாக்காரி" என்று நக்கலடித்தவர்கள் இன்று கோயிலின் முன் வாங்கில் இருக்கிறீர்கள். இருங்கள். அக்கா அதை மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை.

திரும்பி வந்ததும் முன்பள்ளி ஆசிரியையானார். சாகும்வரை அதே வேலைதான். பள்ளி விட்டதும் பிள்ளைகளைக் கோயிலடிக்குக் கூட்டி வருவார். தாய்மார் அங்கேதான் காத்து நிற்பார்கள். ஒரு நைலோன் கயிற்றில் முடிச்சுகள் போட்டு, முடிச்சுக்கு ஒரு பிள்ளை என்று பிடிக்கச் சொல்வார். டிப்பர் லொறி வருகிற பக்கமாகத் தான் நடப்பார்.

அந்த வீதிக்கு ஓரமே இருக்கவில்லை. ஒரு பக்கம் மழைத்தண்ணீர் ஓடுகிற மூடாத கான், மறுபக்கம் மதில்கள். இருக்கிற துண்டிலும் கழுதைகள் நிற்கும். "கழுதைக்கு ஹோர்ன் அடிச்சுப்போட்டு நிக்கிறாங்கள். எங்களுக்கு அடிச்சுப்போட்டு நிக்காமப் போறாங்கள். அப்ப ஆருக்கடா மரியாதை கூட?" என்று அக்கா கேட்பார். நாங்கள் சிரிப்போம். சிரித்ததோடு சரி.

ஒரு மழை நாளில், எங்கள் சித்தப்பாவின் மதில் வீதிக்குத் தள்ளிக்கொண்டு நிற்கிற இடத்தில், கயிறோடு வீதிக்கு இறங்கியவரை மோட்டார் சைக்கிள் இடித்தது. இடுப்பெலும்பு உடைந்தது. கிடந்தபடியே முடிச்சுகளை எண்ணினார். பதினொரு பிள்ளைகளும் நின்றார்கள். அதற்குப் பிறகுதான் நோவில் கத்தினார்.

எழும்பி நடக்கத் தொடங்கியதும் கடிதம் எழுதினார். வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார். கோயிலடியில் மீன் விற்கிற மாமிதான் முதலில் வைத்தார். கடிதம் கொண்டுபோனது எந்த அரசாங்கக் கந்தோருக்கு என்று இங்கே எழுதவில்லை. அங்கே இருந்த ஐயா, "ரீச்சர், சின்ன றோட்டுத்தானே. ஓரத்தால போகலாம்தானே" என்றார்.

"ஓரம் எங்கை இருக்குது? வந்து காட்டுங்கோ. அதிலை நிண்டு உங்களைக் கும்பிடுறன்" என்றார் அக்கா.

கடிதத்தின் தலைப்பில் "கோயிலடி நடைபாதை தொடர்பாக" என்று எழுதியிருந்தார். அந்தத் தலைப்பைத் தாண்டி அவர்கள் வாசிக்கவில்லை. நடைபாதை என்றால் அவர்களுக்கு நடைபாதை வியாபாரம்தான். ஒரு நாள் காலை லொறி வந்தது. மீன்கார மாமியின் பலகை, தராசு, குடை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். கேட்டதற்கு, முறைப்பாடு வந்ததாம். கடிதத்தைக் காட்டினார்கள். அதில் முதல் கையெழுத்து மாமியுடையது.

மாமி எங்கள் வாசல் படலையில் வந்து நின்று கத்தினார். "நீங்கள் கேட்டது றோட்டு ரீச்சர். அவங்கள் எடுத்தது எங்கட சோறு! என்ர கையெழுத்தாலையே என்னை எழுப்பிப்போட்டீங்கள்!"

அக்கா ஊன்றுகோலோடு மாமியைக் கூட்டிக்கொண்டு கந்தோருக்குப் போனார். "நடைபாதை எண்டுதான் எழுதினனான். வியாபாரிகள் எண்டு எங்கை எழுதினனான்? கண்ணாடியைப் போட்டுப் படியுங்கோ" என்றார். பலகையும் தராசும் வரும்வரை இருவரும் அங்கிருந்த கதிரைகளை விட்டு எழும்பவில்லை. குடை வரவேயில்லை. பிறகு பாதரோடு பேசிக் கோயில் வளவுக்குள் மாமிக்கு இடம் எடுத்துக் கொடுத்தார்.

இரண்டாவது கடிதத்தை மாமி வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தார். "இந்த நடைபாதை எண்ட சனியனை வெட்டுங்கோ" என்றார். வெட்டிவிட்டு, "ஆக்கள் நடக்கிற ஓரம்" என்று எழுதினார்கள். அது அவர்களுக்கு விளங்கியது.

கடைசியில் வேலை தொடங்கியது. கோயிலடியிலிருந்து கானுக்குக் கொங்கிறீற் மூடி போட்டுக்கொண்டு வந்தார்கள். எங்கள் வீட்டுப் படலையோடு நின்றுவிட்டது. என் ஓட்டோ ஏறுவதற்குக் கானை மறித்து நான் போட்ட சீமெந்துச் சரிவு அங்கே இருந்தது. அடுத்தது சித்தப்பாவின் மதில். அதற்கு அடுத்ததுதான் முன்பள்ளி.

"தம்பி, உன்ர சரிவை உடைச்சால்தான் மூடி போடுவினமாம்."

"பாப்பம் அக்கா."

ஒரு தரமல்ல, எத்தனையோ தரம் சொன்னேன். சித்தப்பா, "அது எங்கட அப்பு காலத்து மதில், கை வைக்க விடமாட்டன்" என்றார். பொய். நாங்கள் இந்தியாவிலிருந்து வந்த பிறகு கட்டிய மதில் அது. கல் சுமந்தவன் நான்.

அக்கா காலையில் பள்ளிக்குப் போக உடுத்திக்கொண்டிருக்கும்போது மாரடைப்பால் இறந்தார். அடக்கம் செய்யச் சேமக்காலைக்குக் கொண்டுபோன அன்று பொலிஸ்காரர் கையைக் காட்டி எல்லா வாகனத்தையும் மறித்தார். டிப்பர்காரன் எஞ்சினை நிற்பாட்டித் தொப்பியைக் கழற்றினான். நடக்கக் கேட்டபோது ஓரம்கூடக் கொடுக்காத வீதியைப் பெட்டிக்கு முழுதாகக் கொடுத்தார்கள்.

கண்ணீர் அஞ்சலிப் பதாகை கட்டியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அக்காவின் படத்தை அந்த மூடிகளின் மேலேயே தடி நட்டுக் கட்டினீர்கள். அடுத்த நாள் பிள்ளைகள் அக்காவின் படத்தைச் சுற்றி வீதிக்கு இறங்கி நடந்தார்கள். நான்தான் அதைப் பிடுங்கினேன். தமக்கையின் படத்தைக் கிழித்தவன் என்று பேசுகிறீர்களாம். பேசுங்கள்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். இரண்டு தரமும் கையெழுத்து வைத்த மீன்கார மாமிக்கு நன்றி. இடுப்பு உடைந்தபோது ஆசுபத்திரியில் மாறி மாறி நின்ற முன்பள்ளித் தாய்மாருக்கு நன்றி. மூடி போட்ட கூலித் தொழிலாளருக்கு நன்றி. மலர்வளையத்தோடு வந்து படமெடுத்துப் போனவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

போன சனிக்கிழமை என் சரிவை உடைத்துவிட்டேன். அக்கா இருக்கும்போது உடைத்திருக்க வேண்டும். அதற்கு எனக்கு மன்னிப்பு இல்லை.

மதியச் சாப்பாடு முன்பள்ளி மண்டபத்தில். வாகனங்களைக் கோயில் வளவில் விட்டுவிட்டு எல்லோரும் நடந்து வாருங்கள். எங்கள் படலைவரை ஒருவர் பின் ஒருவராக ஓரத்தால் வரலாம். அதற்குப் பிறகு மதில். அங்கே வீதிக்கு இறங்கித்தான் ஆக வேண்டும்.

சித்தப்பா, நீங்களும் வாங்கோ. அக்காவின் கயிறு என்னிடம் இருக்கிறது. ஒரு முடிச்சைப் பிடியுங்கோ. டிப்பர் வருகிற பக்கம் நான் நடக்கிறேன்.