சலங்கை கட்டிய கார்

கோச்சடை உக்கிரபாண்டியின் குடும்பத்தில் அவருக்கு முன்னால் யாரும் மாட்டைத் தவிர வேறெதையும் ஓட்டியதில்லை. அவர் மட்டும் மீசை முளைத்த வயதிலேயே ஏரை விட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார். யுத்தத்துக்கு முந்தின வருஷங்களில் மதுரை ஸ்டேஷன் வாசலில் நின்ற வாடகைக் கார்களில் ஒன்று அவருடையது. வேறு கைகளில் ஓடிக் களைத்தபின் அவரிடம் வந்து சேர்ந்த பழைய இங்கிலீஷ் வண்டி. நிதானமான டிரைவர், அதற்கு மேல் புகழ்ந்தால் மிகை. வண்டி தன் பேச்சைக் கேட்கும் என்று நம்பினாரே தவிர, வண்டியின் பேச்சைத் தானும் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதில்லை.

மார்கழிக் குளிரில் ஒரு காலை, பசுமலையில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த தனிஸ்லாஸ் அதைக் கேட்டுவிட்டார்.

"அண்ணே, டைமிங் செயின் தொளதொளத்துப் போச்சு. மாத்திருங்க."

"ஓட்டத்துல ஒண்ணும் தெரியலையேப்பா."

"ஓட்டத்துல தெரியாது. ராத்திரியெல்லாம் ஆறிக் கெடந்த இஞ்சினை எழுப்பி, சும்மா ஓட விட்டு முன்பக்கம் காதை வையுங்க. நாழியில புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்குற மாதிரி கேக்கும். அந்தச் செயின்தான் வால்வு எப்பத் தொறக்கணும், எப்ப மூடணும்னு சொல்லுது. ஒரு பல்லு தாண்டுச்சுன்னா வண்டி நின்ன எடத்துல நிக்கும்."

"எம்புட்டு மைல் ஓடுனா மாத்தணும்?"

"உங்க மைல் மீட்டர் செத்து எம்புட்டு நாளாச்சு? மைலைக் கேக்காதீக, சத்தத்தைக் கேளுங்க."

உக்கிரபாண்டி யோசிக்கிறேன் என்றார். அறுந்துபோனதை மாற்ற யோசனை வேண்டியதில்லை. ஓடிக்கொண்டிருப்பதைக் கழற்றிப் போடுவதற்குத்தான் மனம் ஆயிரம் காரணம் கேட்கும்.

பொங்கல் வந்தது. மகள் அழகம்மாளைக் கட்டிக்கொடுத்திருந்த அலங்காநல்லூருக்கு மாட்டுப்பொங்கலன்று காரில் போனார். மருமகன் நல்லகாமன் தன் காளையின் சலங்கைப் பட்டையை அவிழ்த்து, காரின் முன்மூக்கில் கட்டினான். "இதுவும் நம்ம வீட்டு மாடுதான மாமா" என்றான். அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு: கட்டிய கைதான் அவிழ்க்க வேண்டும். ஆகவே சலங்கை அப்படியே மதுரைக்கு வந்தது. இஞ்சின் அதிர்ந்தால் போதும், ஜல்ஜல்லென்று ஆடும்.

"பாத்தியா, சத்தம் நின்னுபோச்சு" என்று உக்கிரபாண்டி தனிஸ்லாஸிடம் சொன்னார்.

"நிக்கல. ஒளிஞ்சு கெடக்கு. அந்தச் சலங்கையை அவுருங்க, பாப்போம்."

"மாப்ள கட்டினது. நான் தொடக் கூடாது."

"அப்ப அவரை வரச் சொல்லுங்க. செயின் வாங்கி வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு தனிஸ்லாஸ் வேலையைப் பார்க்கப் போனார்.

மாசியில், வளைகாப்பு முடிந்த அழகம்மாளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர உக்கிரபாண்டி புறப்பட்டார். மகளைக் காரில் கூட்டிவருவது அவருடைய நெடுநாள் ஆசை. கோச்சடையில் அவர் தெருவுக்கே அது தெரியும். முதல் நாள் மாலையே போய், இரவு சம்பந்தி வீட்டில் தங்கினார். காலையில் நல்ல நேரம் பார்த்துக் கிளம்பும்போது அழகம்மாள் தயங்கினாள்.

"அய்யா, இந்தச் சலங்கையோட போனா ஊரே எட்டிப் பாக்கும். வயித்துப்புள்ளைக்குக் கண்ணு படும்."

"உன் புருசனைச் சொல்லும்மா" என்றார்.

நல்லகாமன் சிரித்துக்கொண்டே அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டான். உக்கிரபாண்டி காரின் முன்பக்கம் ஹாண்டிலைச் செருகிச் சுழற்றினார். ஆறிக் கிடந்த இஞ்சின் எழுந்தது. ஜல்ஜல் இல்லாத அந்த வெறும் காலையில், நாழிக்குள் புளியங்கொட்டை குலுங்கியது.

வேறு யாருக்கும் அதில் எதுவும் தெரியவில்லை. நேற்று இதே வண்டிதான் பழுதில்லாமல் வந்தது, இன்றும் போய்விடக்கூடும். ஆனால் வழியில் நின்றுவிட்டால்? வயலும் வெயிலுமான ரோட்டில் நிறைசூலியை எங்கே உட்கார வைப்பது? அவர் இஞ்சினை நிறுத்தினார். தனிஸ்லாஸ் பிறர் வண்டிகளில் செய்யும் சோதனையை நினைவுபடுத்திக்கொண்டு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினார்.

"மாப்ள, ஹாண்டிலை மெதுவா முன்னயும் பின்னயும் ஆட்டுங்க."

நல்லகாமன் ஆட்டினான். செயின் வழியாக ஹாண்டிலோடு சேர்ந்து அசைய வேண்டிய உள்கட்டை சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு, பிறகுதான் அசைந்தது. அந்தச் சற்று நேரம்தான் செயினின் தொய்வு. அவருக்கு அது போதுமாக இருந்தது.

"மாட்டு வண்டியைப் பூட்டச் சொல்லுங்க" என்றார். சம்பந்தி வீட்டார் முன்னால் முகம் சுண்டிப்போயிற்று.

"நல்லதாப் போச்சு" என்றாள் அழகம்மாள். "கார் வாடைக்கே எனக்கு வயித்தைப் பெரட்டும். உங்க மனசு சங்கடப்படுமேன்னு சொல்லல."

கூண்டு வண்டியில் வைக்கோல் மெத்தையில் அவள் தூங்கிக்கொண்டே வர, மாட்டை உக்கிரபாண்டியே ஓட்டினார். கை பழசை மறந்திருக்கவில்லை.

மாட்டு வண்டியைத் திருப்பிக் கொண்டுவிடப் போனபோது தனிஸ்லாஸும் செயினும் பல்சக்கரங்களுமாகக் கூட வந்தார். காரை விட்டுவந்த மாட்டுக் கொட்டத்தில், காளை முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்க, இஞ்சினின் முன்மூடியைக் கழற்றினார். தொங்கிய செயின் மூடியின் உட்புறத்தில் உரசி உரசிப் பள்ளம் பறித்திருந்தது. செயின் ஓடும் பழைய சக்கரத்தின் பற்கள் கொக்கி போல் வளைந்திருந்தன. சக்கரங்களையும் சேர்த்தே மாற்றி, அடையாளப் புள்ளிகளை நேருக்கு நேர் வைத்துச் செயினைப் பூட்டினார். நான் அப்பவே சொன்னேன் என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை.

உக்கிரபாண்டிக்குத்தான் பொறுக்கவில்லை. "அன்னைக்கு ஓட்டியிருந்தா அறுந்திருக்குமா?"

"தெரியாதுண்ணே. வழியிலயே அறுந்திருக்கலாம். தீவாளி வரைக்கும் ஓடியிருக்கலாம்."

அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை. ஆனாலும் மனம் லேசாகத்தான் இருந்தது.

கிளம்பும்போது நல்லகாமன் சலங்கையோடு வந்தான்.

"அது காளைக்கே இருக்கட்டும் மாப்ள."

பக்கத்தில் தனிஸ்லாஸ் தூங்கி விழ, உக்கிரபாண்டி இஞ்சினுக்குக் காதைக் கொடுத்தபடியே ஓட்டிவந்தார். கேட்பதற்கு அதில் எதுவும் இல்லை. கோச்சடை வரைக்கும் அதைக் கேட்டுக்கொண்டே வந்தார்.