கல்லின் மேல் யார் நிற்பது

திருப்பதியில் நான் எம்.சி.ஏ. படித்தபோது, ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் விடுதியின் கம்பிக் கதவைப் பூட்டிவிடுவார்கள். டீ மணி அடிக்கும்போதுதான் திறப்பார்கள். ஊரெல்லாம் பெங்களூர், அமெரிக்கா என்றே பேச்சாக இருந்த வருஷங்கள் அவை. நாங்களோ எதிர்க்கடைக்குக்கூடப் போக முடியாமல் அறைக்குள் அடைந்து கிடப்போம். அந்த அடைசலில்தான் விளையாட்டு வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தவள் என் அறைத்தோழி, சித்தூர்க்காரி. அமெரிக்காவில் வேலையிலிருந்த அவள் அண்ணன், லீவில் வந்தபோது ஒரு தடித்த புத்தகத்தையும் இருபது முகம் கொண்ட பகடையையும் விட்டுப் போயிருந்தான். பலகை கிடையாது, காய் கிடையாது. அவள் கதை சொல்லிக்கொண்டே போவாள். அந்தக் கதைக்குள் நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு பாத்திரம். நகரியிலிருந்து வந்தவள் வாள்வீராங்கனை. நாயுடுபேட்டைப் பெண், எந்தப் பூட்டையும் திறக்கும் திருடி. மீந்தது மருத்துவச்சி, அது எனக்கு வந்தது. என் உயிரில் கொஞ்சம் எடுத்து அடுத்தவர் காயத்தை ஆற்றுவேன். எந்த ஆபத்து வந்தாலும் அறைத்தோழி ஒவ்வொருத்தியாகப் பார்த்து, "நுவ்வு ஏம் சேஸ்தாவ்?" என்பாள். நீ என்ன செய்யப்போகிறாய்? பதில் சொன்ன பிறகுதான் கதை நகரும்.

ஒரு ஞாயிறு, மலைக்கோட்டை ஒன்றில் மாட்டிக்கொண்டோம். பின்னால் செத்தவர்களின் படை. முன்னால் ஒரே ஒரு கல்வாசல். தரையிலுள்ள ஒரு கல்லின் மேல் உயிருள்ள ஒருவர் நின்றால்தான் அது திறந்திருக்கும். நிற்பவர் வெளியே வர முடியாது.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"இன்னாடி யோசிக்கிற? நீதானே எப்பவும் எங்களுக்காக உசிரக் குடுக்கிறவ" என்றாள் நகரிக்காரி.

"நான் நிக்கமாட்டேன்" என்றேன்.

என் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று எனக்கே தெரியாது. வீட்டில் நான் எதற்கும் மாட்டேன் சொன்னவள் இல்லை. பாத்திரம்தானே, காகிதத்தில் எழுதிய ஆள்தானே என்று நகரிக்காரி எவ்வளவோ சொன்னாள். மறுபடியும் மாட்டேன் என்றேன்.

"சரி, ஒருத்தன கட்டி இழுத்துக்கினு வந்தோமே, எதிரிப் படைக்காரன். அவன நிக்க வெச்சிட்டுப் போலாம்" என்றாள் அவளே.

உடனே அறைத்தோழி அந்தக் கைதியாக மாறிவிட்டாள். "என்னை விட்டுட்டுப் போகாதீங்க. ஊர்ல எனக்கு ஒரு பொண்ணு கீது" என்று கையைக் கூப்பினாள். திருடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அவனும் வேணாம்" என்றேன்.

"அப்ப எல்லாரும் சேந்து சாவலாமா?"

"இங்கியே இருக்கலாம். வேற வழி தேடலாம்."

"வழியே இல்லன்னுதானே அவ சொல்றா!"

டீ மணி அடித்தது. கதவு திறந்தது. நால்வரும் அந்தக் கோட்டைக்குள்ளேயே இருந்தபடி எழுந்து போனோம்.

அந்த வாரமே எங்கள் ஊர் குடிபாலாவிலிருந்து நைனா, என் அப்பா, வந்தார். பார்வையாளர் அறையில் உட்காரவும் இல்லை.

"அம்மாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிச்சி. பேச்சு கொழறுது. உன் பேரச் சொல்லிக் கூப்புட்டுக்கினே கீறா. பொட்டிய எடுத்துக்கினு வா."

"அண்ணன்?"

"அவன் இப்பத்தானே பெங்களூர்ல வேலையில சேந்துகிறான். அவன எப்படிக் கூப்புடறது?"

நீ என்ன செய்யப்போகிறாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ. பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்து, பக்கத்துக் கடை போனுக்கு நகரிக்காரி கூப்பிட்டாள். அம்மாவை விசாரித்துவிட்டுத் தயங்கினாள்.

"பரீட்ச வருது, கதைய முடிக்கணும்னு ஆயிடிச்சி. நீதான் வரமாட்டேல்ல... உன் ஆள கல்லு மேல நிக்க வெச்சிட்டோம்."

"மாட்டேன்னு சொன்னேனே."

"கோச்சிக்காதடி. அழகா செத்தா. நாங்க மூணு பேரும் அழுதோம் தெரியுமா?"

போனை வைத்துவிட்டு வந்தேன். அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டிய நேரம். முதுகில் பவுடர் போட்டுக்கொண்டே அழுதேன். படிப்பு போனதற்குக்கூட எனக்கு அப்படி அழுகை வரவில்லை.

பிறகு எல்லா நாளும் ஒரே நாள்தான். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ப் பேச்சுப் பயிற்சி செய்ய வைப்பது. அண்ணன் பெங்களூரிலிருந்து அமெரிக்கா போனான். தோழிகளும் ஒவ்வொருத்தியாகப் போனார்கள். நான் அம்மாவின் கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தேன். அம்மாவின் நாக்கு மெல்லத் திரும்பியது. முதலில் ஒற்றை வார்த்தைகள், வெகுநாள் கழித்து முழுப் பேச்சு.

ஒரு மழைநாள் காலையில் இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"படிப்ப ஏன் உட்டுட்டு வந்த?"

"நீதானே என்னக் கூப்புட்ட?"

"நானா?" அம்மாவின் கண் விரிந்தது. "அவளக் கூப்புடாதீங்க, அவ படிக்கட்டும்னு கத்திக்கினே இருந்தேன். ஒருத்தருக்கும் புரியல."

வாசலில் நைனா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அவர் கை நின்றது. "எனக்கு உன் பேரு மட்டுந்தான் கேட்டுச்சி" என்றார்.

யார்மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. இட்லி தட்டிலேயே ஆறிப்போயிற்று.

அடுத்த வாரம் திருப்பதிக்குப் போய் விசாரித்தேன். விட்ட படிப்பைத் தொடரும் கெடு முடிந்துவிட்டது, முதல் வருஷத்திலிருந்து புதிதாகச் சேர வேண்டும் என்றார்கள். அதற்கு என்னிடம் தெம்பில்லை. சித்தூரில் ஒரு சின்னக் கம்பெனியில் கணினி வேலைக்கு ஆள் கேட்டிருந்தார்கள். கிடைத்தது. அன்று சாயங்காலம் நைனாவிடம், "பகல்ல அம்மாவ நீதான் பாத்துக்கணும். நான் வேலைக்குப் போவணும்" என்றேன்.

அவர் மறுக்கவில்லை. மறுநாள் காலை, அம்மாவை எப்படித் தூக்கி உட்கார வைப்பது என்று காட்டிக்கொடுத்தேன். அவள் தோளைத் தொடவே பயந்து, கையை நீட்டுவதும் இழுத்துக்கொள்வதுமாக நின்றார்.

"ஒடஞ்சிட மாட்டேன், கெட்டியாப் புடி" என்று அதட்டினாள் அம்மா.

சித்தூர் பஸ்ஸின் ஆரன் ரோட்டில் கேட்டது. சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடினேன்.