ஞாயிற்றுக்கிழமையின் மைலேஜ்

சென்ற ஆண்டு முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, ரயில் நிலையப் படிக்கட்டுகளைத் தவிர்க்குமாறு மருத்துவர் அம்மாவிடம் சொல்லிவிட்டார். அம்மா தினமும் ரயிலில் போய்வரும் ஔந்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. நாங்கள் இருப்பது தேஹு ரோட்டில், அப்பா வேலை பார்க்கும் ராணுவக் கிடங்கின் குடியிருப்பில். கார் வாங்க வேண்டும், இல்லையென்றால் அம்மா வேலையை விட வேண்டும். அதைப் பற்றி அம்மா ஒருமுறைதான் பேசினார்: "இன்னும் ஆறு வருசம் சர்வீஸ் இருக்கு."

வாங்கப்போவது பெட்ரோல் காரா, பெட்ரோலோடு பேட்டரியிலும் ஓடும் ஹைபிரிட் காரா என்பதில்தான் வீடு இரண்டுபட்டது. ஹைபிரிட்டின் விலை அப்பாவை மலைக்க வைத்தது. லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் கிடைத்தால் பெட்ரோல் காரைத் தினமும் ஓட்டலாம். அதற்குக் கீழே இறங்கினால் பெட்ரோல் செலவு கட்டாமல் வண்டி வாசலிலேயே நிற்கும் என்பது அவர் கணிப்பு. அம்மாவின் தம்பி, பள்ளிக்குப் போகும் வழியிலுள்ள தாபோடியில் இருக்கும் மாமா, ஹைபிரிட் வைத்திருந்தார். மேல்வீட்டுக்காரரிடம் ஏறத்தாழ அதே அளவுள்ள பெட்ரோல் கார் இருந்தது. இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று. கணக்கு என் பொறுப்பு.

எல்லோருக்கும் ஓய்வு கிடைப்பது ஞாயிறு காலை தேவாலய ஆராதனை முடிந்த பிறகுதான். ஆகவே ஒரு ஞாயிறு ஒரு கார், மறு ஞாயிறு மற்றது. அம்மாவை வீட்டில் இறக்கிவிட்டு அப்பா, மாமா, நான் மூவரும் கிளம்புவோம். ஒரே பங்க், ஒரே குழாய். அது தானாக நின்றதும் நிரப்புவதை நிறுத்தச் சொல்வேன். ஏசியின் அளவைக்கூடக் குறித்துக்கொண்டேன்.

"எம்மா, பரீட்சைகூட நீ இம்புட்டுக் கவனமா எழுதியிருக்க மாட்ட," என்றார் மாமா.

"ஒன் வண்டிய நம்ப முடியாது மாப்ள. சத்தமே போடாம ஏமாத்துது," என்றார் அப்பா.

பெட்ரோல் கார் பதினெட்டு கொடுத்தது, ஹைபிரிட் இருபத்தொன்று. புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கங்களோடு எழுதிக் காட்டினேன். அப்பாவின் முகம் தெளிந்தது. "மூணு கிலோமீட்டருக்காகவா அவ்வளவு விலை? பெட்ரோல் வண்டியே போதும். நாளைக்கே புக் பண்ணிருவோம்."

அம்மா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். சிவப்புப் பேனாவை மூடாமலே கேட்டார்: "ஏங்க, ஞாயித்துக்கிழமையா நான் பள்ளிக்கூடத்துக்குப் போறேன்?"

நாங்கள் ஓட்டியது காலியான சாலையில். அம்மா போக வேண்டியதோ, காலை ஏழு மணிக்கு ஆலைப் பேருந்துகளும் லாரிகளும் அடைத்துக் கிடக்கும் சாலையில். இரண்டு இலக்கத் துல்லியத்தோடு நான் அளந்தது வேறு யாருடைய பயணத்தையோதான். என் நோட்டை மூடிவைத்தேன்.

"விடுங்க அத்தான்," என்றார் மாமா. "மொத மூணு நாள் மேல்வீட்டு வண்டில போங்க. அப்புறம் மூணு நாள் என் வண்டி. நான் லோக்கல் ரயில்ல தொங்கிட்டுப் போறேன், வயிறாவது குறையும்."

அந்த வாரம் அப்பா ஓட்ட, அம்மா முன்னிருக்கையில் அமர்ந்தார்; பல்கலைக்கழகம் செல்ல வேண்டிய நான் பின்னால் இருந்தேன். மேல்வீட்டுக் கார் சிக்னலுக்குச் சிக்னல் உறுமியபடி நின்றது. மூன்றாம் நாள் வகுத்துப் பார்த்தபோது பதினொன்றுதான் வந்தது. அப்பா நோட்டை வாங்கித் தானும் வகுத்துப் பார்த்தார்.

மாமாவின் கார் தாபோடிப் பாலத்துக்கு முன் நெரிசலில் நின்றதும் எஞ்சின் அடங்கியது. சிறிது நகர்ந்தபோதும் பேட்டரியிலேயே ஊர்ந்தது. அந்த அமைதியில் அம்மா, மடியில் விடைத்தாள்கள் இருக்க, தூங்கிப் போயிருந்தார். சனிக்கிழமை கணக்கில் இருபத்திரண்டு. காலியான சாலையில் கிடைத்ததைவிட ஒன்று கூடுதல். அப்பா இரண்டாம் முறை வகுக்கவில்லை. "மாப்ள, ஒன் ஷோரூம் எங்க இருக்கு?" என்று மட்டும் கைபேசியில் கேட்டார்.

அம்மா இப்போதும் எங்கள் புது ஹைபிரிட்டில் ஔந்துக்குப் போய்வருகிறார். தன் கணிப்பு பிழை என்று ஒப்புக்கொள்ளத் தயங்காத அப்பாவுக்கும், மூன்று நாள் ரயில் வாசலில் தொங்கிய மாமாவுக்கும், சாவியை ஏன் என்று கேட்காமல் கொடுத்த மேல்வீட்டுக்காரருக்கும் நான் முறையாக நன்றி சொன்னதில்லை. நேரில் எனக்கு அது வருவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, என் நோட்டைக் குறை சொல்லாமல் ஒரே ஒரு கேள்வி கேட்ட அம்மாவுக்கும் சொன்னதில்லை. தாபோடிப் பாலத்தருகே எஞ்சின் அடங்கும்போதெல்லாம் பின்னிருக்கையிலிருந்து எட்டிப் பார்க்கிறேன். பெரும்பாலும் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறார்.